படை, கப்பல், மதகு: ‘லஸ்கர்’ என்னும் சொல்லின் வரலாறு

தாம்பரத்திற்குக் கடல் இல்லை. ஆயினும் கடலோடிகளின் பெயர்கள் இரண்டு இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நெடுங்காலம் புழங்கி வந்துள்ளன. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதன் பின் இங்கே பணிமனைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுள் கடைநிலையில் இருந்தவர் ‘கலாசி’ என்று அழைக்கப்பட்டார். மொகலாயர் காலத்தில் கப்பலில் பாயேற்றி இறக்கியவனின் பெயர் அது. மற்றொரு சொல் ‘லஸ்கர்’. மாடம்பாக்கம், சேலையூர், பீர்க்கன்காரணை, செம்பாக்கம் என்று ஏரிகளால் வரிசையிட்ட நிலம் இது. ஏரிக் கரையைக் காத்து, மதகின் அடைப்பலகையை ஏற்றி இறக்கும் அரசுப் பணியாளருக்குப் பொதுப்பணித் துறையின் பதிவேட்டுப் பெயர் லஸ்கர் என்பதே. இந்திய விமானப் படையின் குடிசார் பணியிடங்களிலும் அதே பெயரில் ஒரு கடைநிலைப் பதவி இருந்தது. 1954இல் விமானப் பயிற்றுநர் பள்ளி அம்பாலாவிலிருந்து தாம்பரத்திற்கு வந்தது முதல் வானூர்தியின் இரைச்சல் இவ்வூர்க்குப் பழகிப் போயிற்று. நீரிலும் வானிலும் ஒருசேரப் பணிபுரிந்த சொல் இது ஒன்றே போலும்.

ஆங்கில அகராதியைத் திறந்தால் ‘லாஸ்கர்’ என்பதற்குக் ‘கீழைநாட்டுக் கப்பற் பணியாள்’ என்ற பொருளே முதலில் நிற்கும். இதனைக் கண்டவர்கள், கப்பலில் நீரோடு பழகியவனின் பெயர் ஏரி நீரோடு பழகுபவனுக்கும் வந்தது என்று எளிதாக முடிவு கட்டிவிடுவதுண்டு. கேட்பதற்கு இனிய விளக்கம். ஆனால் பொருந்தாத விளக்கம். இச்சொல் ஏரிக்கு வந்த வழி கடல்வழி அன்று. அதனைப் புரிந்துகொள்ளச் சொல்லின் பிறப்பிடத்திற்கே செல்ல வேண்டும்.

பாரசீகத்தில் ‘லஷ்கர்’ என்றால் படை. படை தங்கும் பாசறை என்றும் பொருள். ஒரு தனி மனிதனை அது குறிக்கவில்லை. அரபு மொழியில் ‘அஸ்கர்’ என்றாலும் படைதான். பாரசீகச் சொல் அரபிலிருந்து பிறந்தது என்று ஒரு சாராரும், பாரசீகச் சொல்லின் முதலெழுத்தை அரபியர் தம் மொழியின் ‘அல்’ என்னும் சுட்டின் எச்சமாகக் கருதி நீக்கியதால் ‘அஸ்கர்’ பிறந்தது என்று மற்றொரு சாராரும் கூறுவர். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியின் சார்பு இரண்டாவது கருத்தின் பக்கம். அந்நூலின் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சையில் நீதிபதியாக இருந்து சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் இயற்றியவர் என்பதைத் தமிழ் வாசகர் அறிவர்.

வழி எதுவாயினும் இவ்விரு வடிவங்களும் இந்துமாக் கடலின் கரைகள்தோறும் இறங்கின. கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘அஸ்கரி’ என்றால் போர்வீரன், காவலன். மலாய் மொழியில் ‘அஸ்கார்’ இன்றும் படைவீரனே. இந்தோனேசியத்தில் ‘லஸ்கார்’ என்பது பெருமிதமான சொல். 1945 முதல் 1949 வரை டச்சுக்காரரை எதிர்த்து நின்ற தன்னார்வப் படைகள் தம்மை அப்பெயராலேயே அழைத்துக்கொண்டன. 2005இல் ஆண்ட்ரியா ஹிராதா எழுதிப் பெரும்புகழ் பெற்ற இந்தோனேசிய நாவலின் தலைப்பு ‘லஸ்கார் பெலாங்கி’. ‘வானவில் படை’ என்பது பொருள். ஏழைப் பள்ளிச் சிறுவர்களுக்கு இட்ட பெயர் அது. அங்கே இச்சொல் கீழே விழவில்லை. விழுந்தது இங்கேதான்.

விழத் தொடங்கிய காலத்தைப் பதினாறாம் நூற்றாண்டு என்று கொள்ளலாம். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுக்கீசியர்க்குக் கோட்டைகள் பெருகின, ஆட்கள் பெருகவில்லை. உள்நாட்டாரைக் கூலிக்கு அமர்த்திப் படையில் சேர்த்தனர். அவ்வாறு சேர்ந்த ஒவ்வொருவனும் ‘லஸ்கரிம்’ என்று குறிக்கப்பட்டான். ஒரு முழுப் படையைச் சுட்டிய சொல் ஓர் ஆளைச் சுட்டும் சொல்லாகச் சுருங்கியது. அந்த ஆளும் அரசனின் வீரன் அல்லன். நாட்கூலி பெறும் துணைவீரன். இலங்கையில் இப்பொருள் நெடுநாள் நிலைத்தது. போர்ச்சுக்கீசியர்க்குப் பின் டச்சுக்காரரும் லஸ்கரின்களை வைத்திருந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் அவர்கள் முதலியார்களுக்கு முன்னும் பின்னும் செல்லும் ஏவலர்களாகத் தேய்ந்து போயினர்.

வீரன் எவ்வாறு கப்பலாளி ஆனான்? அக்காலக் கப்பலில் சண்டையிடுபவனையும் கயிறு இழுப்பவனையும் முற்றாகப் பிரிக்க இயலாது. கடற்கொள்ளையும் கடற்போரும் அன்றாடமாக இருந்த மேலைக் கரையில், கூலிக்கு ஏறியவன் இரண்டையும் செய்தான். ஐரோப்பியரின் கணக்கேட்டில் இருவர்க்கும் ஒரே தலைப்பு. இதற்கு மாற்றுச் சான்றாக நிற்பது அபுல் ஃபசல் இயற்றிய ‘அயினி அக்பரி’. அக்பரின் கடற்றுறையைப் பற்றிய பகுதியில் பெருங்கப்பலில் இருக்க வேண்டியோர் பன்னிரு வகையாகப் பகுத்துக் கூறப்பட்டுள்ளனர். கப்பல் தலைவனான நாகுதா, திசை வல்லவனான முஅல்லிம், கலாசிகளின் தலைவனான தண்டேல், ஏற்றுமதி இறக்குமதியை மேற்பார்க்கும் சர்ஹங், பண்டகம் காக்கும் பண்டாரி, கணக்கெழுதும் கர்ரானி, சுக்கான் பிடிக்கும் சுக்கான்கீர், பாய்மர உச்சியிலிருந்து நோக்கும் பஞ்சரி என்று அப்பட்டியல் விரிகிறது. கடைநிலைக் கப்பலாளிக்கு அது தரும் பெயர் கலாசி அல்லது கார்வா. லஷ்கர் என்ற சொல்லைத் தன் அரசவை மொழியாகவே கொண்டிருந்த மொகலாய அரசு, கப்பலாளியை அப்பெயரால் குறிக்கவில்லை. படையைக் கப்பல் கூலியாக்கிய பொருள் மாற்றம் பாரசீகம் பேசியவர் செய்ததன்று, பறங்கியர் செய்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அப்பட்டியலின் சொற்கள் பலவும் தமிழ்க் கரைக்கு வந்தவையே. சிறிது நின்று நோக்கத் தக்கவை. பாரசீகத்தில் ‘சர்ஹங்’ படைத்தலைவன். ஈரானியப் படையில் இன்றும் அது ஒரு கர்னலின் பதவிப் பெயர். மலையாளக் கரையில் அதுவே ‘ஸ்ராங்கு’ ஆகி, படகு ஓட்டுபவனின் உரிமச் சீட்டில் ஏறியிருக்கிறது. ‘கர்ரானி’ மலாயாவிற்குச் சென்று ‘கெரானி’ ஆயிற்று. அங்கிருந்த தோட்டத் தமிழர் வாயில் ‘கிராணி’ ஆகி, பால்மரக் காட்டுக் கணக்கரைக் குறித்தது. கப்பலில் சரக்கு எண்ணியவனும் தோட்டத்தில் ஆள் எண்ணியவனும் ஒரே பெயருக்குரியவர். தண்டேல் என்பதைத் தமிழில் தண்டல் என்றும் தண்டையல் என்றும் வழங்குவர். வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பலின் தலைவர் தண்டையலே. அங்கே 1930இல் கட்டப்பட்டு, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்த ‘அன்னபூரணி’ அத்தகைய தண்டையல்களின் மரபில் வந்த கப்பல். இச்சொல்லின் மூலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. வடமொழியோடு இணைப்பாரும் உளர். துடுப்பைக் குறிக்கும் ‘தண்டு’ என்பதோடும் ‘வலி’ என்பதோடும் இணைத்துத் தென்னாட்டுச் சொல்லாகவே கொள்வாரும் உளர். தண்டு வலித்தல் என்பது தமிழில் படகு வலித்தலுக்கு வழங்கும் தொடராதலின் பின்னையது பொருத்தமாகத் தோன்றுகிறது. ‘தண்டு’ என்பதற்குப் படை என்றும் தமிழில் பொருள் உண்டு. துடுப்புக்கும் படைக்கும் ஒரே சொல் அமைந்த மொழி, லஷ்கர் என்னும் படை துடுப்பின் பக்கம் சாய்ந்ததைக் கண்டு வியப்பதற்கில்லை.

இவ்வரிசையில் மேன்மை பெற்ற சொல் ‘முஅல்லிம்’. அரபில் அது கற்பிப்பவனைக் குறிக்கும். விண்மீன் நிலையும் கடலாழமும் அறிந்து கப்பலுக்கு வழி கற்பிப்பவன் என்ற கருத்தில் அப்பெயர் திசை வல்லவனுக்கு வந்தது. அதுவே தமிழில் ‘மாலுமி’. நிகண்டுகள் கூறும் மீகாமன், நீகான் என்ற பழம்பெயர்கள் இருக்கவே, அவற்றோடு வந்து அமர்ந்து, இன்று அவற்றினும் மிகுதியாக வழங்குகிறது. இந்தோனேசியாவின் வணிகக் கப்பல்களில் முதல் அதிகாரி, இரண்டாம் அதிகாரி ஆகியோர் இன்றும் ‘முஅலிம்’களே. 1498 ஏப்ரல் 24 அன்று மாலிந்தியிலிருந்து புறப்பட்ட வாஸ்கோ ட காமாவின் கப்பல்களை மே 20 அன்று கோழிக்கோட்டின் அருகே கொண்டு வந்து சேர்த்த வழிகாட்டியைப் போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியரான பாரோஸ் ‘மாலெமோ கானா’ என்று எழுதினார். காஸ்தான்யெதா ‘கானகுவா’ என்று எழுதினார். இருவரும் அவரைக் குஜராத்தியர் என்றனர். மாலெமோ என்பது முஅல்லிம். கானகுவா என்பது ‘கணக’ என்னும் வடசொல், கணிதம் வல்லவன். கணியன் பூங்குன்றனாரின் பெயரை அறிந்த தமிழர்க்கு இது அயலான சொல்லன்று. ஐரோப்பியர் அந்த மனிதரின் இயற்பெயரைக் கேட்டு எழுதவில்லை. இரண்டு மொழிகளில் அவருடைய தொழிற்பெயரை மட்டுமே எழுதி வைத்தனர். அரபுக் கடல்நூல் பேரறிஞர் இப்னு மாஜிதே அவ்வழிகாட்டி என்று நெடுங்காலம் கூறப்பட்டது. அவர் எழுதிய நூல்களை ஆராய்ந்தோர் அதனை இன்று ஏற்பதில்லை.

தொழிற்பெயரை எழுதி மனிதனை விடுத்த இப்பழக்கம் ஆங்கிலேயரிடம் சட்டமாகவே ஆயிற்று. அதற்கு அடிப்படை 1660இன் கப்பலோட்டச் சட்டம்: ஆங்கிலக் கப்பலில் முக்கால் பங்கினர் ஆங்கிலேயராக இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் இந்தியாவுக்கு வந்து சேரும் கப்பல்களில் நோயாலும் ஓடிப்போவதாலும் ஆட்கள் குறைந்தனர். போர்க்காலத்தில் அரச கடற்படை மாலுமிகளை வலிந்து பிடித்துக்கொண்டது. திரும்பும் பயணத்திற்குக் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் கிடைத்தவர்களை ஏற்றிக்கொண்டனர். இலண்டனில் இறங்கிய அவர்களுக்கு மீண்டும் இந்தியா செல்லும் கப்பலில் வேலை இல்லை. அங்கே ஆங்கிலேயர் இருந்தனர். குளிரில், தெருவில் நின்றனர். 1786 தொடக்கத்தில் இலண்டனில் ஏழைக் கறுப்பின மக்களுக்கென்று எழுந்த நிவாரணக் குழு, முதலில் இந்த லஸ்கர்களின் துயர் கண்டே தொடங்கப்பட்டது. அதன் முயற்சியே அடுத்த ஆண்டில் ஆப்பிரிக்காவின் சியரா லியோன் குடியேற்றமாக முடிந்தது என்பது வேறொரு நெடுங்கதை.

1823இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, ஆசியக் கப்பலாளிகளும் லஸ்கர்களும் பிரித்தானிய மாலுமிகளாகக் கருதப்படார் என்று விதித்தது. கும்பினியின் ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் பிறந்தவராயினும் சரி, பிரித்தானியக் கொடி பறந்த கப்பலிலேயே வாழ்நாள் முழுதும் உழைத்தவராயினும் சரி, அவர் ‘மாலுமி’ அல்லர், ‘லஸ்கர்’. இந்த ஒரு வேறுபாட்டின் மீதே தனி ஒப்பந்தம், தனி உணவு, குறுகிய படுக்கையிடம், ஐரோப்பியர் பெற்றதில் சிறு பங்கேயான ஊதியம் ஆகிய அனைத்தும் கட்டப்பட்டன. முக்கால் பங்கு விதி நீங்கிய பின்னும் தனி ஒப்பந்தம் நீங்கவில்லை. ஒரு மொழியின் இரு சொற்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு, ஒருவன் உண்ணும் அரிசியின் அளவைக் குறைக்க வல்லது என்பதைக் கவிஞர்கள் நம்ப மாட்டார்கள்; சட்டம் எழுதுவோர் நன்கறிவர்.

1857இல் இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ‘ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினருக்கான அந்நியர் இல்லம்’ திறக்கப்பட்டது. அதனால் தெருவில் மடிந்தோர் தொகை குறைந்திருக்கக் கூடும். சொல்லின் மீது படிந்த மாசு குறையவில்லை. 1891இல் கானன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் அபினிக் கூடம் நடத்தும் கொடியவன் ஒரு லஸ்கர். ஆங்கில வாசகனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 1914 அளவில் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பணியாற்றினர். நிலக்கரி அள்ளிய உலைக்கூடத்திலும், தளத்திலும், சமையலறையிலும் அவர்கள் இருந்தனர். முதல் உலகப் போரில் 3,400-க்கும் மேற்பட்டோரும் இரண்டாம் உலகப் போரில் 6,000-க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது, நீர்மூழ்கிகள் உலவும் கடலில் பழைய ஊதியத்திற்குச் செல்ல மாட்டோம் என்று பிரித்தானியத் துறைகளிலும் அதற்கப்பாலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், பலர் சிறை சென்றதும், பின்னர் ஊதியம் உயர்ந்ததும் தமிழில் இன்னும் விரிவாக எழுதப்படாத வரலாறு. கல்கத்தாவில் கங்கைக் கரையில் 1924 பிப்ரவரி 6 அன்று லிட்டன் பிரபு திறந்து வைத்த லஸ்கர் நினைவுத் தூண், வங்காளத்தையும் அசாமையும் சேர்ந்த 896 பேருக்காக நிற்கிறது. இச்சொல்லைக் கல்லில் பொறித்து மதிப்பளித்த இடங்கள் அரிதினும் அரிது.

கப்பலில் இருந்தோர் தமக்கென ஒரு மொழியையும் ஆக்கிக்கொண்டனர். இந்துஸ்தானி, போர்ச்சுக்கீசியம், பாரசீகம், மலாய், தென்னாட்டு மொழிகள் யாவும் கலந்த அப்பேச்சுக்கு 1811இல் அகராதி செய்தவர் தாமஸ் ரோபக், சென்னைத் தரைப்படையைச் சேர்ந்தவர். அவருடைய நூலே திருத்தம் பெற்று 1882இல் ‘லஸ்கரி அகராதி’ என்ற பெயரில் வெளிவந்தது. அமிதவ் கோஷ் 2008இல் வெளியிட்ட ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ நாவலில் அம்மொழியை உயிர்ப்பித்துக் காட்டினார். ஆயினும் அது முற்றும் இறந்ததென்று கூறுவதற்கில்லை. துறைமுகத்திலும் கட்டுமானத் தளத்திலும் பளுதூக்கியின் கீழ் நின்று, ஏற்று என்பதற்கு ‘ஹபீஸ்’ என்றும் இறக்கு என்பதற்கு ‘ஆரியா’ என்றும் கூவும் தொழிலாளர் இன்றும் உளர். ‘ஆரியா’ என்பது பாயை இறக்கு என்று பொருள்படும் ‘அர்ரியார்’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லே. கூவுபவர்க்குப் போர்ச்சுக்கல் எத்திசையில் உள்ளதென்று தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

இது கடலுக்குச் சென்ற கிளை. தாம்பரத்தின் பக்கம் வந்தது வேறு கிளை. அது தரையை விட்டு நீங்காதது. கும்பினியின் சென்னைப் படையில் பீரங்கிகளை வடம் பூட்டி இழுத்தும், அவற்றைத் துடைத்தும், குண்டு சுமந்தும் துணை செய்த உள்நாட்டாருக்குப் ‘பீரங்கி லஸ்கர்’ என்று பெயர். படை நகரும்போது கூடாரம் பெயர்த்து மீண்டும் அடிப்பவர் ‘கூடார லஸ்கர்’. சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பரங்கிமலை. பறங்கியரின் பெயரைத் தாங்கிய மலையடிவாரத்தில் பறங்கியர் திரித்த சொல்லுக்குரியவர்கள் குடியிருந்தனர். அம்மலையின் அருகிலிருந்தே 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன், பெரும்பாக்கத்தின் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இமயம் வரை சென்ற இந்தியப் பெருநில அளவைக்கு அதுவே முதற்கோடு. இத்தகைய அளவை முகாம்களில் கருவி சுமந்ததும் கொடி நட்டதும் கூடாரம் அடித்ததும் லஸ்கர்களும் கலாசிகளுமே. நில அளவை வரலாற்றில் லாம்டனின் பெயர் நிற்கிறது. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவர் பெயர் நிற்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பொதுப்பணித் துறை உருவானபோது அதற்குப் பொறியாளர்களைப் பெரிதும் தந்தது படையே. கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனும் சென்னைப் படைப் பொறியாளரே. முகாமிலிருந்து வந்தவர்கள் முகாமின் பதவிப் பெயர்களையும் உடன் கொண்டு வந்தனர். கூடாரத்தையும் தளவாடத்தையும் காத்த லஸ்கர், ஏரிக் கரையையும் மதகையும் காக்கும் லஸ்கர் ஆனார். ஆகவே ஏரி லஸ்கர் கரையேறிய கப்பலாளி அல்லர். கப்பலுக்குச் சென்றவனும் பீரங்கியோடு நின்றவனும் ஒரே பாசறையிலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள். இளையவனின் வழியில் வந்தவர் இவர். நீரின் அருகே இருவரையும் கண்டு ஒருவராக எண்ணியது பிற்காலத்தார் பிழை.

அவர் வந்தபோது மதகு ஆளின்றிக் கிடக்கவில்லை. ஒவ்வோர் ஊரிலும் நீர் பகிர்வதற்கென்று பணியாளர் இருந்தனர். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கொரு பெயர். செங்கற்பட்டுச் சீமையில் கம்புகட்டி. தென்பாண்டி நாட்டில் நீராணிக்கம். அவர்க்கு ஊதியம் விளைச்சலில் ஒரு பங்கு. ஏரி நிறையாத ஆண்டில் ஊரோடு அவரும் பட்டினி. நிறைந்த ஆண்டில் அவர் களத்திலும் நெல். எந்தக் கழனிக்கு எப்போது நீர் என்பது அவருடைய நினைவில் இருந்தது. இம்முறையில் நீதி முழுமையாக இருந்ததென்று சொல்ல இயலாது. பணி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார் தலையிலேயே விழுந்தது. பங்கைத் தீர்மானித்தவர்கள் நிலம் உடையவர்கள். 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் குடிமராமத்து வேலைக்கு ஊராரை வற்புறுத்த வழி செய்தது என்றால், அதற்கு முன்பே அம்மரபு தளர்ந்திருந்தது என்று பொருள். பெரிய ஏரிகள் துறையின் கைக்குச் சென்றன. கம்புகட்டியின் இடத்தில் மாதச் சம்பளம் பெறும் லஸ்கர் நின்றார். ஏரி நிறைந்தாலும் வறண்டாலும் சம்பளம் உண்டு என்பது அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. மதகைத் திறக்க மேலிடத்து ஆணை வேண்டும் என்பது அதற்கு அவர் கொடுத்த விலை. கம்புகட்டி என்ற பெயரோ இன்று ஆய்வாளரின் ஏட்டில் மட்டும் கிடைக்கிறது. பொருள் விளங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று போய், சுமப்பவருக்கும் அழைப்பவருக்கும் பொருள் தெரியாத பெயர் ஒன்று வந்தமைந்தது.

2015 டிசம்பர் முதல் நாள் இரவில் அடையாறு கரை மீறி அனகாபுத்தூர், மணப்பாக்கம் முதலிய ஊர்களுக்குள் புகுந்தபோது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடி என்று அரசு கூறியது. யார் ஆணையிட்டார், எப்போது ஆணையிட்டார் என்ற வினாக்கள் பல திங்கள் நீடித்தன. பொறியாளர், செயலர், அமைச்சர் என்று பேச்சு மேலே சென்றதே அன்றி, கொட்டும் மழையில் மதகடியில் நிற்கும் ஊழியரைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசவில்லை.

கடல் கடந்து வேறு சில இடங்களில் இச்சொல் அடைந்த கதியையும் சுருங்கக் கூறலாம். மொரீஷியசில் ‘லஸ்கார்’ என்பது முஸ்லிம்களை இழித்துரைக்கும் சொல். அங்கே எவரையும் அப்பெயரால் அழைப்பது தகாது. பிரெஞ்சு மொழியிலோ அது துணிச்சலும் குறும்பும் உடையவனைக் குறித்தது. பின்னர், பாரீசின் புறநகர்க் குடியிருப்புகளில் வளரும் இளைஞரைக் குறிக்கும் பேச்சுச் சொல்லாயிற்று. 2009இல் அப்பெயரிலேயே ஒரு கேலிச்சித்திரத் திரைப்படமும் வந்தது. பாரீசின் புறநகரில் அது தெருமுனையில் நிற்கும் இளைஞன். சென்னையின் புறநகரில் ஏரிக்கரையில் நிற்கும் ஊழியர்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வரலாறு ஓர் இடர்ப்பாட்டைத் தருகிறது. ஆங்கில நூல்களில் வரும் லாஸ்கரைத் தமிழில் ‘மாலுமி’ என்றெழுதிக் கடந்து செல்வதே பெருவழக்கு. மரியாதை கருதிச் செய்வதாயினும் அது பொருந்தாது. மாலுமி வழி கற்பிப்பவன். கப்பலின் அறிவு அவனிடம் இருப்பதாகக் கருதிய காலத்துச் சொல். லஸ்கர் என்ற பெயரோ, அவனிடம் அறிவு இல்லை, உடல் மட்டுமே உண்டு என்று கருதியவர் இட்டது. 1823இன் சட்டம் மறுத்த தகுதியைத் தமிழ் மொழிபெயர்ப்பு எளிதில் வழங்கிவிட்டால், மறுத்த செய்தியும் உடன் மறைந்துபோகும். ‘கூலி’ என்று எழுதுவாரும் உளர். அச்சொல்லே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி உலகெங்கும் வசையாகிப் போனது என்று கருதுவோர் பலர். குஜராத்தின் கோலி இனத்தார் பெயரே அதன் மூலம் என்பாரும் உண்டு. கூலியும் லஸ்கரும் ஒரே கப்பலில் சென்றபோதும் ஒருவர் அல்லர்: ஒருவர் சரக்காக ஏற்றப்பட்டார், மற்றவர் அச்சரக்கை ஏற்றிச் சென்றார். லஸ்கரை லஸ்கர் என்றே எழுதுவதுதான் நேர்மை.

2008இன் ஆறாவது ஊதியக் குழுவிற்குப் பின் நடுவணரசின் கடைநிலைப் பதவிகள் பல ‘பல்பணியாளர்’ என்ற ஒரே தலைப்பில் அடக்கப்பட்டன. ரயில்வேயின் கலாசி ‘உதவியாளர்’ ஆனார். காவிரிக் கழிமுகத்து மாவட்டங்களில் மட்டும், மேட்டூர் அணை திறக்கும் காலம் நெருங்கும்போது, உழவர் கூட்டங்களில் அப்பழம்பெயர் ஒலிக்கிறது: காலியாக உள்ள லஸ்கர் பணியிடங்களை நிரப்புக, மதகில் ஆளில்லை, கடைமடைக்கு நீர் வரவில்லை.